ஜூன் மாதச் சூப்

எங்கள் சங்கக் கூடத்துக்குள் 'சாம்பல்' என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது. அறிவிப்புப் பலகையிலேயே எழுதிப் போட்டிருக்கிறது. காரணம், ஹோல்ட்டர்சீல் பிரம்மா கோழி வளர்ப்போர் சங்கம் வளர்ப்பது நீலக் கோழிகளை. அவை மழைக்கு முந்தைய வானத்தின் நிறத்தில் இருக்கும். விவரம் தெரியாதவர்கள் பார்த்ததும் அந்தத் தடைசெய்யப்பட்ட சொல்லைத்தான் சொல்வார்கள். அதனால் விவரம் தெரியாதவர்களை நாங்கள் உள்ளே விடுவதில்லை.

நான் மென்னோ. பதினெட்டு வருடமாக இந்தச் சங்கத்தின் செயலாளர். கூட்டத்தில் பேசுவதை எழுதுவது என் வேலை. பேசக்கூடாததை எழுதாமல் விடுவது அதைவிடப் பெரிய வேலை. இரண்டிலும் என்மேல் யாரும் குறை சொன்னதில்லை, இந்த மார்ச் வரை.

பிரம்மா என்பது பிரம்மபுத்திராவின் குறுக்கம் என்பார்கள். இந்தக் கோழிகள் அந்த நதியைப் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம். ஆள் முழங்காலைத் தாண்டும் உயரம், கால் விரல் நுனிவரை இறகு, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எப்போதும் எதற்கோ கோபமாக இருப்பதுபோல ஒரு முகம். சங்கத் தலைவர் ஃபோல்கெர்ட் புருன்யெஸுக்கும் அதே முகம்தான். யார் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. அவர் கூரை ஓடு வியாபாரி. உட்கார்ந்திருக்கும்போது நம்மைப் போலப் பேசுவார்; எழுந்து நின்றால் கல்வெட்டுப் போலப் பேசுவார்.

எங்கள் விதிப் புத்தகத்தில் எழுபத்து மூன்று விதிகள். அவற்றில் பதினான்காவதுதான் உயிர். 'நீலச் சேவலுக்கும் நீலப் பெட்டைக்கும் பிறப்பது நீலமே.' அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரி இருக்கிறது. 'நீலமல்லாதது பிறக்கவில்லை எனக் கொள்ளப்படும்.'

இந்தச் சின்ன எழுத்தால்தான் எங்கள் ஊரான ஹோல்ட்டர்சீலில் ஜூன் மாதச் சூப் வந்தது. மார்ச்சில் குஞ்சு பொரிக்கும். ஜூன் இரண்டாவது சனிக்கிழமை, நிற ஆய்வாளர் ஓன்கென் வீடு வீடாக வந்து ஒவ்வொரு நீலக் குஞ்சின் காலிலும் சங்கத்தின் வளையத்தை மாட்டுவார். வளையம் இல்லாத கோழியைக் கண்காட்சியில் வைக்க முடியாது. அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய வாரம் சங்கத்து உறுப்பினர் வீடுகள் அத்தனையிலும் கோழிச் சூப். கடலைத் தடுக்கும் அணைக்கரையில் நின்றால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சூப்பில் போடும் செலரியின் வாசனை. பத்து வாரக் குஞ்சில் கறி ஏது? எலும்பைக் கடித்துக்கொண்டே, "இந்த வருஷம் பொரிப்பு அமோகம்" என்று சொல்லிக்கொள்வோம். எத்தனை பொரித்தது, எத்தனை மிஞ்சியது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. நானும் பதினெட்டு வருடம் அந்தச் சூப்பைக் குடித்தவன்தான்.

இம்கே டாமென் சங்கத்தில் சேர்ந்தபோது இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை. மூச்சு விடுவது எப்படி என்று யாராவது யாருக்காவது சொல்லித் தருகிறோமா? அதுபோலத்தான். ஐம்பத்து மூன்று வயது, பால் பண்ணையின் டேங்கர் லாரியை ஓட்டுகிறவர், தனியாக வாழும் பெண். தலைவரிடமிருந்தே ஒரு நீலச் சேவலும் இரண்டு நீலப் பெட்டைகளும் வாங்கினார். விற்பனைச் சீட்டின் முன்பக்கம் 'நிறத் தூய்மைக்கு உத்தரவாதம்' என்று பொன் எழுத்தில் இருந்தது. பின்பக்கம், 'இவற்றின் சந்ததியும் சங்க விதிக்குக் கட்டுப்பட்டது' என்று இருந்தது. பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

போன வருடம் அந்த ஜூன் சனிக்கிழமை ஓன்கெனோடு நான் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ஓன்கென் ஓய்வு பெற்ற சுங்க அதிகாரி. வெள்ளைக் கோட்டும், ஏழு வகை நீலம் அச்சிட்ட அட்டையும் இல்லாமல் கோழிப் பக்கம் போகமாட்டார்.

"மோயின்" என்று எங்கள் ஊர் வணக்கம் சொன்னார் இம்கே. "எல்லாத்தையும் முற்றத்துல விட்டிருக்கேன். பன்னெண்டு. நல்லா பாத்துக்கோங்க."

ஓன்கென் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி முற்றத்தைப் பார்த்தார்.

"அம்மா, இது என்னது?"

"குஞ்சு."

"அது தெரியுது. கருப்பா இருக்கே!"

"ஆமா. மூணு கருப்பு. மூணு வெள்ளையில மை தெறிச்ச மாதிரி. மிச்சம் ஆறும் சாம்பல்."

ஓன்கென் கண்ணை மூடிக்கொண்டார். "நீலம்" என்று நான் மெல்லத் திருத்தினேன்.

"இதா நீலம்? சரி, நீங்க சொன்னா சரி" என்றார் இம்கே.

ஓன்கென் குரலைத் தணித்து, ஒரு நல்ல மனிதர் கொடுக்கக்கூடிய கடைசி வாய்ப்பைக் கொடுத்தார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போன வாரம் உங்க வீட்டுல என்ன சூப்?"

"போன வாரமா? பட்டாணி."

இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் ஓன்கென் அந்தப் பதிலைக் கேட்டதில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் பதிவேட்டைப் பார்த்தேன். அதில் நீலம் என்று ஒரே ஒரு பத்திதான் இருந்தது. மீதி ஆறை எங்கே எழுதுவது? ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். மைத்தெறிப்பில் ஒன்று அதற்குள் வந்து என் பூட்ஸ் நாடாவைக் கொத்திக்கொண்டிருந்தது. சேவல் குஞ்சு. அதற்கு இம்கே கிளெக்ஸ் என்று பெயர் வைத்திருந்தார். எங்கள் ஊர்ப் பேச்சில் மைக்கறை என்று அர்த்தம்.

அடுத்த புதன்கிழமை நிறக் குழு கூடியது. குற்றச்சாட்டு, 'அந்நியச் சேவல் தொடர்பு'. இம்கே வீட்டுப் பக்கத்தில் ஒரே ஒரு சேவல்தான் உண்டு. அண்டை வீட்டுக்காரருடைய பழுப்பு நிறக் குட்டை ரகம். ஓன்கென் அதை அளந்தார், ஒரு அடி உயரம். இம்கேயின் பெட்டையை அளந்தார், முதுகு வரைக்குமே அதைவிட இரண்டு கையகலம் அதிகம். உடல்ரீதியாகச் சாத்தியமில்லை என்று குழு முடிவுக்கு வரவிருந்த நேரத்தில், இம்கேயின் கொட்டகை மூலையில் ஒரு பால் கறக்கும் முக்காலி கிடந்தது தெரியவந்தது. முக்காலி கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டுச் சான்றுப் பொருள் ஒன்று என்று சீட்டு ஒட்டப்பட்டது. குட்டைச் சேவல் அதன்மேல் தானாக ஏறுமா என்று பார்க்க நாற்பது நிமிடம் காத்திருந்தோம். ஏறியது. ஏறித் தூங்கிப்போனது. 'ஏறும் திறன் நிரூபணம்' என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

இம்கே கையைத் தூக்கினார். பிறகு, "நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?" என்று கேட்டார்.

"சுருக்கமா" என்றார் தலைவர்.

"நான் பெருசா படிக்கல தலைவரே. லாரி ஓட்டறவ. ஆனா எங்க பால் பண்ணை ஆய்வுக்கூடத்துல ஒரு அம்மா இருக்காங்க, அவங்ககிட்ட கேட்டேன். கருப்புதான் வெறும் டீ. அதுல ஒரு கரண்டி க்ரீம் விழுந்தா நீலம். ரெண்டு கரண்டி விழுந்தா மைத்தெறிப்பு. உங்ககிட்ட வாங்கின சேவல்கிட்ட ஒரு கரண்டி இருக்கு, பெட்டைகிட்ட ஒரு கரண்டி இருக்கு. ஒவ்வொரு குஞ்சுக்கும் அதைக் குடுத்தாலும் குடுப்பாங்க, குடுக்காமலும் விடுவாங்க. ரெண்டு பேரும் குடுத்தா தெறிப்பு. ரெண்டு பேரும் விட்டா கருப்பு. ஒருத்தர் மட்டும் குடுத்தா நீலம். நாலுல ரெண்டு நீலம், ஒண்ணு கருப்பு, ஒண்ணு தெறிப்பு. பன்னெண்டுக்கு ஆறு, மூணு, மூணு. எனக்குக் கணக்கு சரியாதான் வந்திருக்கு. உங்களுக்கு எல்லாம் எப்படி வர மாட்டேங்குதுன்னுதான் புரியல."

எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட டீயும் க்ரீமும் புரியும். குழுவில் இருந்த எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் தங்கள் கோப்பைக்குள் எட்டிப் பார்த்ததை நான் கண்ணால் பார்த்தேன். எழுதவில்லை.

தலைவர் எழுந்து நின்றார். "பெருமதிப்புக்குரிய உறுப்பினர்களே! நீலம் என்பது கரண்டியல்ல! நீலம் ஒரு பண்பு! ஒரு பரம்பரை! முப்பத்தோராண்டுகளாக என் கொட்டகையில் நீலமல்லாத ஒரே ஒரு குஞ்சைக்கூட என் மனைவி என் கண்ணில் காட்டியதில்லை என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்!"

கை தட்டினோம். பின்னால் மேஜையில் கேக் வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி ஹில்கே கத்தியை நிறுத்தினார். பிறகு மறுபடி வெட்டினார். துண்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அளவில் வந்தன.

தீர்ப்பு இதுதான். ஆறு குஞ்சுகளும் ஜூலை முடிவதற்குள் சூப்பாக வேண்டும். சங்கத்தின் சார்பில் ஓன்கென் அதைக் குடித்துப் பார்த்துச் சான்று தர வேண்டும்.

"மாட்டேன்" என்றார் இம்கே.

"ஏம்மா, நீங்க கோழி தின்ன மாட்டீங்களா?" என்று கேட்டார் தலைவர், உட்கார்ந்தபடி.

"நல்லா தின்பேன். பசிக்கு வெட்டுவேன் தலைவரே. வெட்கத்துக்கு வெட்ட மாட்டேன்."

ஜூலையின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் ஓன்கென் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பையில் சொந்தக் கரண்டியோடு இம்கே வீட்டுக்குப் போனார். முதல் ஞாயிறு பட்டாணி சூப். இரண்டாவது ஞாயிறு பீன்ஸ். மூன்றாவது மறுபடி பட்டாணி, தொத்திறைச்சி போட்டது. ஒவ்வொரு முறையும் முழுத் தட்டையும் குடித்து முடித்து, 'கோழி தென்படவில்லை' என்று அறிக்கை எழுதினார். நான்காவது வாரம் அறிக்கையின் கீழே, 'உப்பு அளவாக இருந்தது' என்று தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தார். தலைவர் அதை அடித்துவிட்டார்.

நவம்பர் கண்காட்சியில் கதை இன்னும் கெட்டது. ஜூனில் ஓன்கென் தீர்ப்புக்கு முன்னாலேயே அந்த ஆறு நீலங்களுக்கு வளையம் மாட்டிவிட்டிருந்தார், கழற்ற விதி இல்லை. இம்கே ஒரு நீலப் பெட்டையின் பாத இறகைத் துவைத்து, ஹேர் டிரையரால் உலர்த்திக் கொண்டுவந்து கூண்டில் வைத்தார். வெளியூர் நடுவருக்கு அக்கப்போர் எதுவும் தெரியாது. குச்சியால் லேசாகத் தட்டி நிற்க வைத்துப் பார்த்து, கண்காட்சியிலேயே அதிக மதிப்பெண் போட்டுவிட்டார். தலைவரின் கோழிக்கு இரண்டாவது இடம். பத்து நிமிடத்தில் குழு கூடியது. நடுவர் காதில் ஏதோ சொல்லப்பட்டது. கூண்டு அட்டையில், 'மிகச் சிறப்பு' என்பதற்குப் பக்கத்தில் 'சகோதரர்கள் மீதான விசாரணை முடியும்வரை நிறுத்திவைப்பு' என்று எழுதப்பட்டது. கோழிக்கு அட்டை படிக்கத் தெரியாததால் அன்று முழுவதும் அது கம்பீரமாகவே நின்றது.

ஜனவரியில் பொதுக்குழு. கூடம் நிறைந்திருந்தது. இரண்டு தீர்மானங்கள். ஒன்று, இம்கே டாமெனை நீக்குவது. இரண்டு, விற்பனைச் சீட்டின் பின்பக்கப்படி அந்த ஆறு கோழிகளையும் சங்கமே போய்ப் பிடித்து வந்து வெட்டுவது. கிளெக்ஸ் அப்போது நாலரைக் கிலோ. இம்கேயின் லாரி சத்தம் கேட்டால் வாசல் கேட்டுக்கு ஓடிவந்து நிற்பான். ஏணிப்படியில் ஏறி ஓட்டுநர் கதவைக் கொத்துவான் என்றும் சொன்னார்கள். இதையெல்லாம் பொதுக்குழுவில் யாரும் பேசவில்லை.

தலைவர் நின்றார். "ரத்தம், உறுப்பினர்களே, ரத்தம்! ரத்தத்தின் தூய்மை போனால் சங்கம் போனது! ஊர் போனது!"

இம்கே எழுந்தார். "தலைவரே, ரத்தச் சுத்தம்னு மேடை போட்டுப் பேசினவங்க போருக்கு முன்னாடியும் இந்த ஊர்ல இருந்தாங்க. அவங்க பேசி முடிச்சப்போ ஊர்ல என்ன மிஞ்சிச்சுன்னு என் அப்பா எனக்குச் சொல்லியிருக்கார். உங்க அப்பா உங்களுக்குச் சொல்லலையா?"

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓன்கென், "மென்னோ, இதை எழுதாதே" என்றார். நான் எழுதவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

"ஒரு பந்தயம்" என்றார் இம்கே. "சங்கத்து இன்குபேட்டர் சும்மாதானே கிடக்கு? இந்தக் கூடத்துலயே வையுங்க. பூட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும். நான் பன்னெண்டு முட்டை வைக்கறேன். தலைவர் பன்னெண்டு வைக்கட்டும். எனக்கு நீலமில்லாம ஒரே ஒரு குஞ்சு வந்தாலும் ஆறையும் நானே இங்க கொண்டாந்து வெட்டறேன், சங்கத்தை விட்டும் போயிடறேன். எல்லாம் நீலமா வந்தா என் கொட்டகைப் பக்கம் யாரும் வரக் கூடாது."

தலைவர் முப்பத்தோராண்டு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன மனிதர். மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? ஒப்புக்கொண்டார். அவர் உண்மையிலேயே ஜெயிப்போம் என்று நம்பினார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். முப்பத்தோரு வருடம் வேண்டாததையெல்லாம் யாரோ முன்கூட்டியே எடுத்துவிட்டால், மனிதன் தன் கொட்டகையையே பார்த்திருக்க மாட்டான்.

மார்ச் முதல் வாரம் முட்டைகள் வந்தன. படிவத்தைப் பூர்த்தி செய்தது நான்தான். தலைவர்: தந்தை நீலம், தாய் நீலம். மேல் தட்டு.

"உங்களுது?" என்று இம்கேயைக் கேட்டேன்.

"தந்தை மைத்தெறிப்பு. தாய் கருப்பு."

பேனா நின்றுவிட்டது. "அம்மா, உங்ககிட்ட நீலச் சோடியே இருக்கே. அதை வைக்கலாமே?"

தலைவர் எட்டிப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். "எழுதுய்யா, எழுது! அவங்களே சொல்றாங்க இல்ல? நீலமே இல்லாத ரெண்டுலேருந்து நீலம் வரப்போகுதாம்! கொண்டா, நானே கையெழுத்துப் போடறேன்." போட்டார். தேதியும் போட்டார்.

கீழ்த் தட்டில் முட்டைகளை அடுக்கும்போது இம்கே என்னிடம் மட்டும் சொன்னார். "கிளெக்ஸ்கிட்ட ரெண்டு கரண்டி இருக்கு மென்னோ. அதுல ஒண்ணைக் குடுத்தே தீரணும், அவனால குடுக்காம இருக்க முடியாது. கருப்பிகிட்ட ஒண்ணுமே இல்ல. அப்போ எல்லாக் கோப்பைக்கும் ஒரே ஒரு கரண்டி. கணக்கு சரிதான். இருந்தாலும் அவனை நெனச்சா ராத்திரி தூக்கம் வரல."

இருபத்தோரு நாள். இரண்டு பூட்டு. ஒரு சாவி ஓன்கெனிடம், ஒன்று என்னிடம்.

இருபத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் கூடம் முழுக்க ஆள். ஹில்கே மூன்று கேக் செய்து வந்திருந்தார். பூட்டைத் திறந்தோம். ஓன்கென் வெள்ளைக் கோட்டின் கையை மடித்துக்கொண்டு கீழ்த் தட்டை முதலில் இழுத்தார். பதினொன்று பொரித்திருந்தது. ஒரு முட்டை கூமுட்டை. ஓன்கென் ஒவ்வொன்றாகத் தூக்கி அட்டையோடு வைத்துப் பார்த்தார். "நீலம்" என்றார். "நீலம். நீலம். நீலம்." பதினோராவது நீலம் சொல்லும்போது அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை. இம்கே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

மேல் தட்டை இழுத்தார். பத்து பொரித்திருந்தது. ஐந்து நீலம். மூன்று கருப்பு, வயிற்றில் மட்டும் வெள்ளை. வளர்ந்தால் மைத்தெறிப்பாகும் இரண்டு வெளிறிய வெள்ளிக் குஞ்சுகள், யாருக்கும் எதுவும் புரியாதபடி கத்திக்கொண்டிருந்தன.

தலைவர் நின்றார். இன்குபேட்டர் கதவைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "இன்குபேட்டரின் மேல் தட்டு வெப்பநிலை..." என்று தொடங்கினார். வெப்பமானியை விசாரிக்கக் குழு ஒன்று அங்கேயே அமைக்கப்பட்டது. வெப்பமானி கழற்றப்பட்டுச் சான்றுப் பொருள் இரண்டாயிற்று. முக்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பதினைந்து நிமிடத்தில் குழு அறிக்கை தந்தது. 'மேல் தட்டில் நிறம் ஆவியாகியிருக்கலாம்.'

"அப்போ கருப்பு எப்படி வந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள். "ஆவியானது கீழ திரும்ப இறங்கிடுச்சோ?" என்று இன்னொருவர் சொன்னார். கூடத்தில் முதல்முறையாகச் சிரிப்பு எழுந்தது. எட்டுப் பேரில் மூன்று பேர் சிரித்ததை நான் எண்ணினேன்.

தலைவர் சிரிப்பை அடக்கும் வகையில் பெருந்தன்மையைக் கையில் எடுத்தார். "பதினொரு நீலக் குஞ்சுகளின் தந்தை நீலமாக மட்டுமே இருக்க முடியும். இது விதி பதினான்கின் தெளிவான முடிவு. ஆகவே அந்தச் சேவல் தோற்றத்தால் எப்படியிருந்தாலும் செயலால் நீலம் என்று அறிவிக்கிறேன்! அதற்குக் 'கௌரவ நீலம்' பட்டம் வழங்கப்படும்! செயலாளர் பதிவேட்டில் 'தந்தை: நீலம்' என்று திருத்துக! இம்கே டாமெனின் உறுப்பினர் நிலை முழுமையாக மீட்கப்படுகிறது!"

கை தட்டப் போனோம். இம்கே எழுந்துவிட்டார்.

"வேண்டாம்."

"ஏம்மா, ஜெயிச்சுட்டீங்க! சேவலும் தப்பிச்சுது! இன்னும் என்ன?"

"அவன் நீலமில்ல தலைவரே. மைத்தெறிப்பு. அவனை வெட்டணும்னு சொன்னப்போ மைத்தெறிப்பு, ஜெயிச்சதும் நீலமா? அவன் எப்படிப் பொறந்தானோ அப்படியே எழுதுங்க. இல்லேன்னா நான் எந்திரிச்சுப் போறேன். பதினொண்ணையும் கூட்டிட்டுப் போறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர், "எழுது மென்னோ" என்றார். "நீலம்னு எழுது. பதினெட்டு வருஷமா எழுதறவன்தானே நீ?"

ஆமாம், பதினெட்டு வருடமாக எழுதுகிறவன். பதினெட்டு ஜூன். ஒவ்வொரு ஜூனிலும் என் வீட்டுக் குஞ்சுகளின் கழுத்தைத் திருகியது நான்தான், என் கையால்தான். குஞ்சைத் திருகும்போது கை சூடாக இருக்கும். அதைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. பேனாவை எடுத்தேன். 'தந்தை: மைத்தெறிப்பு. பெயர்: கிளெக்ஸ்' என்று எழுதினேன். எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். பிறகு ஜனவரி மாதப் பக்கத்தைத் திருப்பி, விட்டுப்போன இடத்தில், இம்கேயின் அப்பா சொன்னதையும் எழுதினேன். அதையும் சத்தமாகப் படித்தேன்.

"உன் பதவி போச்சு" என்றார் தலைவர்.

"சரிங்க தலைவரே. அதையும் நானே எழுதிடறேன்" என்றேன். எழுதினேன்.

அப்போதுதான் ஹில்கே கேக் மேஜையிலிருந்து நடந்து வந்தார். கையில் துணி காயப்போடும் கூடை. மேல் தட்டிலிருந்து பத்துக் குஞ்சுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கூடைக்குள் வைத்தார், கருப்பு, நீலம், வெள்ளி என்று பார்க்காமல்.

"என்ன பண்றே?" என்றார் தலைவர்.

"வீட்டுக்குக் கொண்டு போறேன். பத்தும் வளரும்."

"ஜூன்ல..."

"ஜூன்ல நீங்களே வெட்டிக்கோங்க ஃபோல்கெர்ட். முப்பத்தொரு வருஷம் நான் வெட்டினேன், நீங்க நெஞ்சை நிமிர்த்தினீங்க. இனி கத்தி எங்க இருக்குன்னுகூட நான் சொல்ல மாட்டேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் கதவைத் தாண்டினார். குஞ்சுகளின் சத்தம் தெருவில் கொஞ்ச தூரம் கேட்டது.

விதி பதினான்கை யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அதற்கு முதலில் யாராவது எழுந்து நின்று நான் சூப் குடித்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் அது நடக்காது. விதி புத்தகத்தில் அப்படியே இருக்கிறது, சின்ன எழுத்தோடு. அறிவிப்புப் பலகையும் இருக்கிறது.

ஆனால் இந்த ஜூனில் அணைக்கரையில் செலரி வாசனை வரவில்லை. இரண்டாவது சனிக்கிழமை ஓன்கென் அட்டையும் வளையமுமாகக் கிளம்பினார். புதுச் செயலாளர் கிடைக்காததால் பழையவன் நானே பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். முதல் வீட்டில் நாலு கருப்பு, மூன்று தெறிப்பு. வீட்டுக்காரர் அவற்றை மறைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "பாத்துக்கோங்க" என்றார். இரண்டாவது வீட்டில் ஐந்தும் இரண்டும். என் வீட்டில் மூன்றும் நான்கும். ஓன்கெனின் சொந்த வீட்டில் எத்தனை என்று அவர் சொல்ல விடவில்லை, நான் எண்ணிக்கொண்டேன், ஆறு. தலைவர் வீட்டில் பத்தும் ஹில்கேயின் பீட்ரூட் பாத்தியைக் கிளறிக்கொண்டிருந்தன. தலைவர் கூரை ஓடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்து நின்றார். எந்தக் கொட்டகையிலும் நாலில் இரண்டு, ஒன்று, ஒன்று என்ற கணக்கு பெரிதாகப் பிசகவில்லை. பதிவேட்டில் பென்சில் எழுத ஓரம் போதவில்லை. மூன்றாவது வீட்டில் நானே ஸ்கேல் வைத்து இரண்டு புதுப் பத்தி போட்டேன், மையால்.

கடைசியாக இம்கே வீடு. கிளெக்ஸ் கேட்டருகே வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தான். அதே கோப முகம். ஓன்கென் அவனுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார். பிறகு கோட்டுப் பையில் கையை விட்டுக் கரண்டியை எடுத்தார்.

"போன வாரம் என்ன சூப் அம்மா?"

"பட்டாணி."

"கொஞ்சம் மிச்சம் இருக்குமா?" என்றார் ஓன்கென்.